கேசினோ கொடுக்கும் பரிசு யார் வீட்டுப் பணம்?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. லாஸ் வேகஸில் இருக்கும் உன் மகன் வார இறுதியில் போக்கர் சீட்டாட்டம் ஆடக் கேசினோவுக்குப் போவதாகவும், "கேசினோவே எங்களுக்குப் பணம் தருதுப்பா" என்று பெருமை அடிப்பதாகவும் எழுதியிருந்தாய். பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால் அது யார் பணம் என்று கேட்டாயா? என் அக்கா மகன் அந்த ஊரில் கொஞ்ச காலம் போக்கர் மேசையில் சீட்டுப் போடும் டீலராக இருந்தவன். அவன் வாயைக் கிண்டித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

போக்கரில் கேசினோவை எதிர்த்து யாரும் ஆடுவதில்லை. மேசையில் இருப்பவர்கள் தங்களுக்குள்தான் அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் சேரும் பணத்தில் கேசினோ ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு ரேக் என்று பெயர். பெரும்பாலும் 10 சதவீதம், ஐந்தாறு டாலரோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்புறம் ஜாக்பாட் என்னும் பெரிய பரிசுக்கென்று ஒன்றிரண்டு டாலர் தனியாக வேறு டப்பாவில் விழும். உன் மகன் மெச்சும் பரிசெல்லாம் பெரும்பாலும் இந்த டப்பாவிலிருந்து வருவதுதான். ஒரு மணி நேரத்தில் 20 ஆட்டங்களிலிருந்து இரண்டிரண்டு டாலர் போனால் 40 டாலர். மேசையில் 9 பேர் என்றால் ஆளுக்குக் கிட்டத்தட்ட நாலரை டாலர். கேசினோவின் உறுப்பினர் அட்டையைத் தேய்த்துவிட்டு உட்கார்ந்ததற்கு, சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் புள்ளியாகத் திரும்பி வருவது பல இடங்களில் மணிக்கு ஒன்றிரண்டு டாலர்தான்.

பேட் பீட் ஜாக்பாட் என்று ஒன்று உண்டு. ஒரே எண்ணில் நாலு சீட்டு போன்ற பிரமாதமான கை, அதாவது சீட்டுச் சேர்க்கை, வைத்திருந்தும் ஒருவன் தோற்றால் அதுவரை சேர்ந்த தொகையைப் பங்கிடுவார்கள். வழக்கமாகத் தோற்றவனுக்குப் பாதி, ஜெயித்தவனுக்குக் கால், மீதி அந்த மேசையில் இருந்தவர்களுக்கு. நம் ஆட்கள் மாதாமாதம் காசு கட்டிப் பிடிக்கும் சீட்டு மாதிரிதான், எல்லாரும் கட்டுகிறார்கள், ஒருவன் எடுக்கிறான். என்ன, இங்கே எல்லாருக்கும் முறை வராது! தொகை பெருகப் பெருக நாற்காலிக்கு ஆள் காத்திருக்கும். வந்தவர்கள் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ரேக் உண்டே.

அக்கா மகன் சொன்னதில் எனக்குப் பிடித்தது நேரக் கணக்கு. சனிக்கிழமை இரவு கூட்டம் தானாக வரும். அப்போது சலுகை எதற்கு? செவ்வாய்க்கிழமை காலையில்தான் மேசை காலியாகக் கிடக்கும். அப்போதுதான் இந்த அரை மணியில் மிக உயர்ந்த கை வைத்தவருக்கு இவ்வளவு என்று அறிவிப்பார்கள். மாதத்தில் இத்தனை மணி நேரம் ஆடினால் இலவசப் போட்டியில் இடம் என்பதும் இதே வேலைதான். கடைசி வாரம் மணி குறைகிறதே என்று தூக்கம் கெட்டு உட்காருகிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். பரிசு நேரத்தில் ஆட்டமே மாறிவிடுமாம். பந்தயத்தை ஏற்றி எதிராளியை விரட்ட வேண்டியவன் அப்படிச் செய்யாமல், கை இன்னும் பெரிதாகுமா என்று கடைசிச் சீட்டு வரை பொறுமையாகக் காத்திருப்பான், எல்லாம் அந்தப் பரிசுக்காக. கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

இங்கே சிங்கப்பூரில் கதை வேறு. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்டக்கூடத்துக்குள் கால் வைக்கவே 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும்; ஆண்டுக்கு என்றால் 3,000. 2019 ஏப்ரல் வரை 100, 2,000 என்று இருந்தது. "வாங்க சார், கட்டணத்தை நாங்க பார்த்துக்கிறோம்" என்று கேசினோ சலுகை காட்டச் சட்டம் விடாது. குடும்பத்தார் மனு கொடுத்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. கெடுபிடி அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

பையனைத் திட்டாதே. சலுகைக்காகப் போகிறானா, ஆட்டத்துக்காகப் போகிறானா என்று மட்டும் கேள். ஆட்டத்துக்கு என்றால் ஜாக்பாட்டுக்குக் காசு எடுக்காத மேசை பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

இங்கே எல்லாரும் நலம். எங்கள் புளோக்கில் லிஃப்ட் மாற்றுகிறார்கள், முழங்காலுக்கு நல்ல சோதனை. தீபாவளிக்கு முன்னால் ஈப்போ பக்கம் வருவேன், இங்கே தேக்கா சந்தையில் என்ன வாங்கி வர வேண்டும் என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
மணியம்