எங்கள் முகத்துக்கும் ஒரு விதி எழுதுங்கள், முதலாளி

மரியாதைக்குரிய பெரிய முதலாளி அவர்களுக்கும், இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்ன முதலாளி அவர்களுக்கும், இதே தொழிலில் இருக்கும் மற்ற ஜவுளிக்கடை, நகைக்கடை முதலாளிகளுக்கும் வணக்கம்.

பஞ்ச் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கும் அறிக்கையைப் படித்தோம். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் எதிலும் ஊழியர்கள் கடையைப் பற்றியோ வேலையைப் பற்றியோ எதுவும் போடக் கூடாது, மீறினால் முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கம். சரி. அதே தாளின் கடைசியில், கடையின் ஆஃபர் வீடியோவை எல்லோரும் தினமும் காலை ஒன்பதரைக்குள் சொந்த ஸ்டேட்டஸில் வைத்து சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. இதை டைப் அடித்தவருக்கு அடிக்கும்போதே சிரிப்பு வந்திருக்கும்.

அறிக்கை ஏன் வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆடித் தள்ளுபடி முடிந்த ராத்திரி, சுடிதார் செக்‌ஷன் பெண் ஹாஸ்டலில் உட்கார்ந்து, வீங்கிப்போன தன் காலைப் படம் எடுத்து "ஆடியும் போச்சு, காலும் போச்சு" என்று ஸ்டேட்டஸ் வைத்தாள். படத்தில் கடைப் பெயர் இல்லை, யூனிஃபார்ம் இல்லை, ஒரு கால்தான் இருந்தது. மறுநாள் மேனேஜர் ரூமில் நிற்கவைத்து மன்னிப்புக் கடிதம் வாங்கினார்கள். மூன்று நாள் சம்பளம் பிடித்தம். கடை மானம் போய்விட்டதாம்.

கால் வீங்காமல் இருக்கத்தான் 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். நம் கடையிலும் ஸ்டூல் வந்தது. பட்டு செக்‌ஷன் ஸ்டூலில் இப்போது பொம்மைக்குக் கட்டிய சேலையின் முந்தானையை விரித்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் நான் எழுத வந்தது ஸ்டூலைப் பற்றி அல்ல, அது தனிக் கதை. மெஸ் சாம்பார் இன்னொரு கதை. இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். எங்கள் முகத்தையும் எங்கள் போன் நம்பரையும் கடை வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் எங்களைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.

சீனியர்களுக்கு நினைவிருக்கும். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்வதற்கு முன்னால், லஞ்ச் நேரத்தில் குடோன் பக்கம் இரண்டு பெண்கள் ஒரு பாட்டுக்கு வாயசைத்ததற்காக அன்றைக்கே கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பினீர்கள். குடும்பப் பெண்கள் வேலை செய்கிற கடை, ஆட்டம் பாட்டமெல்லாம் ஆகாது என்று பெரிய முதலாளியே எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். அன்றைக்கு நாங்களும் தலையாட்டினோம். இன்றைக்கு அதே குடோன் பக்கத்தில் ரிங் லைட் நிற்கிறது. வாரம் இரண்டு ரீல்ஸ். ஆடத் தெரியாது, கூச்சமாக இருக்கிறது என்று சொன்னவளைப் பட்டு செக்‌ஷனிலிருந்து பெட்ஷீட் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அங்கே இன்சென்டிவ் எவ்வளவு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பெல்லாம் பேப்பர் விளம்பரத்துக்கு மாடலைக் கூப்பிடுவீர்கள். அவருக்குச் சம்பளம், கார், மேக்கப், எத்தனை நாள் அந்தப் படத்தை ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எல்லாம் உண்டு. இப்போது அந்தச் செலவு மிச்சம். மிச்சமான பணத்தில் எங்களுக்குப் பங்கு கேட்கவில்லை, அந்த ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் கேட்கிறோம்.

சின்ன முதலாளி வியூஸ் பார்க்கிறார். கீழே இருக்கும் கமெண்டுகளையும் ஒருநாள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆடி ஆஃபர் ரீல்ஸில் அந்தச் சுடிதார் செக்‌ஷன் பெண்தான் நடுவில் நிற்கிறாள், நெஞ்சில் பெயர் பேட்ஜ். அந்தப் பெயரைச் சொல்லித்தான் முதல் கமெண்டே. "சுடிதார் என்ன விலைன்னு போட்டிருக்கீங்க, உள்ள இருக்கறது என்ன விலை?" அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள். அதற்கும் கீழே இருப்பதை இங்கே எழுத முடியாது. இதை எடுத்துவிடுங்கள் அண்ணா என்று அவள் கேட்டதற்கு வீடியோ எடுக்கும் தம்பி சொன்ன பதில்: "கமெண்ட் வந்தாத்தான்க்கா ரீச்."

போனோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்போம். ஒருவர் கையில் அந்த வீடியோவை ஓடவிட்டபடியே மாடிக்கு வந்தார். ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே கவுன்ட்டர் கவுன்ட்டராக நடந்து, அவள் முன்னால் வந்து நின்று, "இதுல ஆடறது நீங்கதானே?" என்றார். தங்கைக்கு எடுக்க வேண்டும் என்று சொல்லி மேல் ரேக்கிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார். அவள் ஏணியில் ஏறி நிற்கும்போதெல்லாம் போன் மேலே போகிறது. தோளில் வைத்துக் காட்டுங்க என்றார், வைத்தாள். வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்கக் கூடாது என்பது நம் கடையின் முதல் விதி, அதனால் சிரித்துக்கொண்டே வைத்தாள். கடைசியில் ஒன்றும் எடுக்காமல், "அடுத்த ரீல்ஸ் எப்போ?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். மலையாகக் குவிந்து கிடந்ததை அவள் மடித்து முடிப்பதற்குள் சூப்பர்வைசர் வந்து, இவ்வளவு இறக்கியும் ஏன் ஒரு பில் விழவில்லை என்று கேட்டார்.

கல்யாணமாகிப் போய்விட்ட பில்லிங் பெண்ணின் வீடியோ கடையின் இன்ஸ்டாகிராமில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஆடுகிறவன் யார் என்று மாமியார் வீட்டில் கேட்கிறார்களாம். அழித்துத் தரும்படி அவள் போன் பண்ணினாள். ஏஜென்சியில் சொல்ல வேண்டும் என்றார்கள். ஏஜென்சி யாரென்று அவளுக்குத் தெரியாது.

நம்பர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செக்‌ஷனில் போன் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். அதே போனில்தான் ஸ்டேட்டஸ், அதே நம்பரில்தான் கஸ்டமர் குரூப், அதே நம்பரில்தான் வீடியோ கால் விற்பனை. கனடாவில் காலையில் எழுந்து முகூர்த்தப் பட்டு பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ராத்திரி ஹாஸ்டல் லைட் வெளிச்சத்தில் கேட்லாக் அனுப்புகிறோம். ரீசார்ஜ் எங்கள் காசு. அந்த நம்பர்களில் சிலவற்றிலிருந்து பட்டுக்குச் சம்பந்தமில்லாத மெசேஜ்களும் வருகின்றன. பிளாக் செய்தால் கஸ்டமரை இழந்துவிட்டாய் என்கிறீர்கள். கடைக்கு ஒரு போன், ஒரு சிம். அத்தனை மாடி ஏசி ஓடுகிற கடையில் இது பெரிய செலவா, முதலாளி?

சட்டம் பேசுகிறாள் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில், வேலை இடத்தில் நாங்கள் எதிர்கொள்ளும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பான சூழலை முதலாளி தர வேண்டும் என்று இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு அமைத்து, அந்த உத்தரவைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. எங்களை நீக்கும் அறிக்கைக்குக் கிடைத்த இடம் அந்தத் தாளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறவும் செய்யலாம் என்கிறது. நம் கடையில் முதலில் சம்மதம் கேட்கவே ஆளில்லை.

விதியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. டிரையல் ரூம் பக்கம் யாரும் போனை எடுக்கக் கூடாது, வாடிக்கையாளரைப் படம் பிடிக்கக் கூடாது, ஆஃபர் அறிவிப்பதற்கு முன்னால் வெளியே சொல்லக் கூடாது. இதெல்லாம் நியாயம், யார் மீறினாலும் நடவடிக்கை எடுங்கள். ரீல்ஸையே நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. ஆசைப்பட்டு ஆடுகிற பெண்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் செக்‌ஷனில் ஒருத்தி கேமராவைப் பார்த்துவிட்டால் போதும், எங்களுக்கே சிரிப்புத் தாங்காது. அவள் ஆடட்டும், அதற்குத் தனியாகப் பணமும் கொடுங்கள். மாட்டேன் என்கிறவளை மாட்டேன் என்று சொல்ல விடுங்கள், அவளுடைய செக்‌ஷனில் கைவைக்காதீர்கள்.

ஆகவே பணிவோடு கேட்கிறோம். அறிக்கையைக் கிழிக்க வேண்டாம், பாதிதான் எழுதியிருக்கிறீர்கள், மீதியையும் எழுதுங்கள். வீடியோவில் நிற்கவைக்கும் முன் எழுத்தில் சம்மதம், எடுக்கும்போது பெயர் பேட்ஜைக் கழற்ற அனுமதி, அசிங்கமான கமெண்டை அன்றைக்கே எடுக்க ஒரு ஆள், வேலையை விட்டுப் போனவர் கேட்டால் வீடியோவை அழிக்க ஒரு தேதி, சொந்த நம்பருக்கு விடுதலை. வேலை முடிந்த பிறகு ஒரு பெண் தன் காலைத் தானே படம் எடுத்துப் போட்டால் அது அவள் கால் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பிடித்த மூன்று நாள் சம்பளத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

தீபாவளி ஷூட்டிங்குக்குப் பெயர் லிஸ்ட் தயாராகிறது என்று கேள்விப்பட்டோம். அந்த லிஸ்ட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருத்தியிடமும், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒருமுறை கேட்டுவிடுங்கள் முதலாளி.

இப்படிக்கு,
பட்டு செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒருத்தி
(பெயர் போடாததற்குக் காரணம் உங்கள் அறிக்கையின் முதல் வரியிலேயே இருக்கிறது)