பாக்கெட்டில் போட்டிருக்கும் சதவீதத்தை இரண்டால் பெருக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாளைக்கு எவ்வளவு சீனி சாப்பிடலாம் என்று கேட்டால் ஒரு கட்டுரை 25 கிராம் என்கிறது, இன்னொன்று 50 என்கிறது. இரண்டும் தவறில்லை. எந்தக் கணக்கில் எது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

நாள் முழுக்கச் சாப்பிடும் மொத்தக் கலோரியில் இனிப்பின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஒரு கிராம் சீனிக்கு 4 கலோரி. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு முதல் அளவு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டுதலில் 5 சதவீதத்தையே எடுத்துக்கொண்டது. ஆகவே நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது 25: தலை தட்டிய டீஸ்பூனில் ஆறு. குவித்து அள்ளினால் நாலு ஸ்பூனிலேயே தீர்ந்துவிடும். நாளைக்கு 1,300 கலோரி போதுமான ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது 16 கிராம்தான்.

இனி பாக்கெட்டுக்கு வருவோம். நம் நாட்டு லேபிள் விதிப்படி, சேர்த்த சீனிக்கு நேரே 'ஆர்டிஏ' (ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு) என்று ஒரு சதவீதம் போட வேண்டும். அது 50 கிராமை நூறாக வைத்துப் போடப்படுவது. 100 மில்லிக்கு 11 கிராம் சீனி உள்ள குளிர்பானத்தில் 200 மில்லியை 'ஒரு சர்விங்' (ஒரு தடவைக்கான அளவு) என்று கணக்கிட்டால் 44 சதவீதம் என்றுதான் இருக்கும். பாதி கூட இல்லையே என்று தோன்றும். 25 கிராம் கணக்கில் அது 88 சதவீதம்! பாட்டில் 250 மில்லியாக இருந்து முழுவதையும் குடித்தால் 27.5 கிராம், அன்றைய கணக்கு அதோடு முடிந்தது. எனவே பாக்கெட்டைப் பார்க்கும்போது இரண்டே வேலை. சதவீதத்தை இரண்டால் பெருக்குங்கள். 'ஒரு சர்விங்' என்பது எத்தனை கிராம் என்று பாருங்கள். அந்த அளவைக் கம்பெனிதான் முடிவு செய்கிறது, நம் பசி அல்ல.

லேபிளில் 'டோட்டல் சுகர்' (மொத்தச் சீனி) வேறு, 'ஆடட் சுகர்' (சேர்த்த சீனி) வேறு. பாலிலும் தயிரிலும் இயல்பாக இருக்கும் லாக்டோஸ் என்ற இனிப்பு முதலாவதில் சேரும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. முழுப் பழமும் அப்படியே. பழச்சாறு மட்டும் விதிவிலக்கு. 200 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் சீனி போடாமலேயே ஏறக்குறைய 16 கிராம் இனிப்பு இருக்கிறது; உலக சுகாதார நிறுவனம் அதையும் தேனையும் வரம்புக்குள்தான் சேர்க்கிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். ருசிக்காகப் போடுங்கள், கணக்கிலிருந்து கழிக்காதீர்கள்.

வீட்டில் தினமும் தராசு பிடிக்க முடியாது. சீனி டப்பாவே கணக்குச் சொல்லும். நாலு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு 25 கிராம் வீதம் மாதம் 3 கிலோ. பிஸ்கட், கடை டீ, மிட்டாய், சாஸ் என்று வெளியிலிருந்து பாதி வந்துவிடும் என்று வைத்தால், சீனி, வெல்லம், தேன் எல்லாம் சேர்ந்து அடுப்படியில் செலவாக வேண்டியது ஒன்றரைக் கிலோ. கிலோ பாக்கெட்டைப் பிரித்த அன்று தேதியை அதன் மேலேயே எழுதிவைத்தால் 20 நாள் வர வேண்டும். பத்தாம் நாளே காலியானால் எங்கே போகிறது என்று தேடலாம். பெரும்பாலும் டீயில்தான் போகும். எல்லாருக்கும் சேர்த்துப் பாத்திரத்தில் சீனி கொட்டும் வீட்டில் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியாது. சீனியில்லாமல் இறக்கி, அவரவர் டம்ளரில் போட்டுக்கொள்வதே சரி. ஒரே நாளில் நிறுத்துபவர்கள் பழையபடி திரும்பிவிடக்கூடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை ஸ்பூன் என்று குறைத்தால் நாக்கு பழகிவிடும். உடல் எடையைக் குறைக்க மாற்று இனிப்பு மாத்திரைகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அந்த அறிவுரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானது அல்ல.

நீரிழிவுக்காரர்கள் வீட்டில் வேறொரு தவறு நடக்கிறது. சீனியையே ஒழித்துவிடுகிறார்கள். இன்சுலினோ, ரத்தச் சர்க்கரையை வெகுவாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) இறங்கினால், நினைவோடு இருக்கும்போதே 15 கிராம் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள். அந்த 15 கிராம் சீனி (தலை தட்டிய டீஸ்பூனில் ஏறக்குறைய நாலு) எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உணவியல் துறை வாசகர்,
மதுரை