385 கிலோமீற்றர் பறக்க எவ்வளவு நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் வட கோடியிலுள்ள ரெசொலூட், கிரீஸ் ஃபியோர்ட் ஆகிய இரு ஊர்களின் விமான நிலையங்களுக்கிடையே பறக்க அரை மணி நேரம் ஆகும் என்று, தங்கள் பத்திரிகையின் பயணப் பகுதியில் கடந்த வாரம் படித்தேன். தந்திருந்த தூரம் சரி. ஏறத்தாழ 385 கிலோமீற்றர்தான். நேரம்தான் பிழை. ஜெட் விமானத்தின் வேகத்தால் அத்தூரத்தை வகுத்தால் அரை மணி நேரம் வரும். ஆனால் அங்கு ஜெட் விமானம் இறங்க இடமில்லை.

மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கியிருக்கும் கிரீஸ் ஃபியோர்டின் சரளைக்கல் ஓடுபாதை ஏறத்தாழ 510 மீற்றர் நீளம் மட்டுமே. நமது ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தின் மிக நீண்ட ஓடுபாதையோ 3,389 மீற்றர். குறுகிய பாதையில் ஏறி இறங்குவதற்கென்றே இதே ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் உருவாக்கப்பட்டு, 1965ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த ட்வின் ஓட்டர் என்னும் சிறு விமானமே அங்கு போய்வருகிறது. மணிக்கு 280 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால், காற்றில்லாத நாளில் ஒரு மணி இருபது நிமிடங்களுக்குச் சற்று மேலாகும். 60 கிலோமீற்றர் எதிர்காற்று வீசினால் ஒன்றே முக்கால் மணி நேரம். மூடுபனி இறங்கிவிட்டால் கணக்கே இல்லை. ரெசொலூட்டிலேயே நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

சுவர் வரைபடத்தைப் பார்க்கும் வாசகர்கள், இவ்வளவு அகன்ற இடைவெளிக்கு 385 கிலோமீற்றர்தானா என்று ஐயுறலாம். வகுப்பில் நான் பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டுவதுண்டு. ரொறன்ரோவின் அகலக்கோட்டில் ஒரு பாகை நெடுங்கோட்டின் அகலம் 80 கிலோமீற்றர். அவ்வூர்களின் அருகே அது 28 கிலோமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. தட்டையான வரைபடம் அந்தச் சுருக்கத்தை இழுத்து நிரப்பிவிடுகிறது.

நிமிடக் கணக்குக்காக இவ்வளவு எழுதுவானேன் என்று எண்ண வேண்டாம். 1953இல் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து, விரும்பினால் இரண்டு ஆண்டுகளில் திரும்பலாம் என்று வாக்களித்து, சுமார் 2,000 கிலோமீற்றர் வடக்கே அரசு கொண்டுபோய்க் குடியேற்றிய, வடதுருவப் பகுதிப் பழங்குடியினரான இனுயிட் குடும்பங்களால் உருவான ஊர்கள் இவை. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டதே 2010இல்தான். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 144 பேர் வாழும் கிரீஸ் ஃபியோர்டில் மருத்துவமனை இல்லை, வெளியூருக்குச் சாலையும் இல்லை. பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே கர்ப்பிணிகள் அந்தச் சிறு விமானத்தில் ஏறிப் புறப்பட்டாக வேண்டும். அவர்களுடைய பயணத்தை நாம் அரை மணி நேரம் என்று அச்சிடக் கூடாது.

திருத்தம் வெளியிடுகையில், "ட்வின் ஓட்டரில் சுமார் ஒன்றரை மணி நேரம், வானிலை இடம் கொடுத்தால்" என்று குறிப்பிடுமாறு வேண்டுகிறேன். கிரீஸ் ஃபியோர்டை அம்மக்கள் அழைக்கும் அவ்யுயிட்டுக், அதாவது 'ஒருபோதும் உருகாத இடம்', என்ற பெயரையும் சேர்த்து அச்சிட்டால் மகிழ்வேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
ஸ்காபரோ