துருக்கியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றிய கட்டுரையைப் படித்தேன். சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் அமெரிக்காவோடு போர் மூளும் நிலை வந்த 1962 அக்டோபரின் அந்தப் பதின்மூன்று நாட்களை விறுவிறுப்பாகச் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் அமெரிக்க அதிபர் கென்னடி அசையாமல் நின்றார், சோவியத் தலைவர் குருஷேவ் பயந்து பின்வாங்கினார் என்று முடித்திருக்கிறாரே, அதுதான் உறுத்துகிறது. அது பாதிக் கதை.

அப்போது துருக்கியில் அமெரிக்காவின் 15 ஜூப்பிட்டர் ஏவுகணைகள் சோவியத் யூனியனைப் பார்த்தபடி நின்றன. அக்டோபர் 27, சனிக்கிழமை இரவு. அட்டர்னி ஜெனரலாக இருந்த அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி, சோவியத் தூதர் டோப்ரினினைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்தார். கியூபாவில் இருப்பதை நீங்கள் எடுங்கள், நாங்கள் அந்த நாட்டின் மேல் படையெடுக்க மாட்டோம். துருக்கியில் இருப்பதையும் நான்கைந்து மாதத்தில் எடுத்துவிடுகிறோம், ஆனால் இது வெளியே தெரியக் கூடாது. பேச்சின் சாரம் இவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து இந்தப் பேரத்தைக் குறிப்பிட்டு குருஷேவ் எழுதிய கடிதத்தை டோப்ரினின் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாளே ராபர்ட் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுத்தில் எதுவும் இருக்கக் கூடாதாம்!

1963 ஏப்ரலில் துருக்கி ஏவுகணைகள் சத்தமில்லாமல் அகற்றப்பட்டன. ராபர்ட்டின் நினைவுக் குறிப்புகளைப் பதிப்பித்த சோரன்சன், இந்தப் பேரத்தைத் தான்தான் மழுப்பி எழுதியதாக 1989-இல் மாஸ்கோவில் நடந்த கருத்தரங்கில் ஒப்புக்கொண்டார். அதாவது, விட்டுக்கொடுத்தது இரண்டு பேரும். ஊர் பார்க்க விட்டுக்கொடுத்தவர் ஒருவர்தான். 1964 அக்டோபரில் குருஷேவின் பதவி பறிபோனதற்கு அந்த அவமானமும் ஒரு காரணம்.

இன்னொரு திருத்தம். நெருக்கடி முடிந்ததும் இரு தலைவர்களுக்கும் இடையே 'சிவப்பு டெலிபோன்' வைத்தார்கள் என்கிறது கட்டுரை. சினிமாவில் பார்த்திருப்போம், சரி. உண்மையில் 1963 ஆகஸ்ட் 30 அன்று இயங்கத் தொடங்கியது, தட்டச்சு செய்த செய்தியை அனுப்பும் டெலிபிரின்டர் இணைப்பு. பேச்சில் வாய் தவறிவிடலாம், மொழிபெயர்ப்பு பிசகலாம் என்பதால் எழுத்துதான் வேண்டும் என்றார்கள்.

அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு டோப்ரினின் பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் போதும். நெருக்கடி உச்சத்தில் இருந்தபோதும் வாஷிங்டன் தூதரகத்திலிருந்து மாஸ்கோவுக்குச் செய்தி போக வேண்டுமென்றால், அதைச் சங்கேத எழுத்தில் அடித்துத் தந்தி நிறுவனத்துக்குப் போன் போடுவார்கள். ஒரு இளைஞர் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவார். வழியில் எந்தப் பெண்ணோடும் பேசிக்கொண்டு நின்றுவிடாமல் நேராகப் போக வேண்டுமே என்று தூதரகத்தில் இருந்தவர்கள் வேண்டிக்கொள்வார்களாம். அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 26-ஆம் தேதி குருஷேவ் எழுதிய நீண்ட கடிதம் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகம் வழியாக வெள்ளை மாளிகைக்கு வந்து சேர ஏறக்குறைய அரை நாள் ஆனது. 28-ஆம் தேதி, ஏவுகணைகளை எடுக்கிறோம் என்ற பதிலை குருஷேவ் மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்கச் சொன்னதற்கு இந்தத் தாமதமும் காரணம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் துருக்கிக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த சைக்கிள் இளைஞருக்கும் இரண்டு வரி கிடைத்தால் மகிழ்ச்சி.

ஒரு வாசகர்,
தென்காசி.