முருகைக்கல்லுக்குச் சுண்ணாம்பு

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேவியருக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். பாதி நேரம் சிரிக்கிறாய், மீதி நேரம் "ஒனக்கு என்னல கிறுக்கு புடிச்சிருக்கு" என்கிறாய். மதினிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதை விட்டுவிட்டாய். உன் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆமாம், மகன் போட்ட படம் நிஜம்தான். ஒன்பதாவது மாடியில், வரவேற்பறை மூலையில், மூன்றடி நீளத்தில் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அலங்கார மீன் மட்டும் என்று நினைக்காதே. உயிரோடு முருகைக்கல், அதாவது பவளப்பாறை, வளர்க்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ இப்படித்தான் சிரிப்பாய் என்று தெரியும்.

நீ அதிகம் சிரித்தது உப்புக்கு. தூத்துக்குடிக்காரன் உப்பைக் காசு கொடுத்து வாளியில் வாங்குகிறான் என்று. சிரி. ஆனால் உன் உப்பளத்து உப்பு இதற்கு ஆகாது, ஏன் என்று உனக்கே தெரியும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறி வரும்போது முதலில் ஜிப்சம் படிகிறது; கால்சியத்தில் பெரும்பங்கு அதோடு போயிற்று. அப்புறம் உப்பு விளைகிறது. மிச்சம் நிற்கிற கசப்புத் தண்ணீரை வெளியே திறந்து விடுகிறீர்களே, மக்னீசியம் அதோடு போயிற்று. கையில் நிற்பது சோற்றுக்கு நல்ல உப்பு, அவ்வளவுதான். அதைக் கரைத்தால் திரும்பக் கடல் ஆகாது. முருகைக்கல்லுக்குக் கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த வாளி உப்பு அந்தக் கணக்கில் கலந்து வருகிறது. லிட்டருக்கு 35 கிராம், என் தொட்டிக்கு ஏழு கிலோவுக்கு மேல் போயிற்று. நீ அளத்தில் தண்ணீரின் உப்பு அடர்த்திக்கு டிகிரி பார்ப்பது போல நானும் தினம் பார்க்கிறேன். உன் கணக்கில் எனக்கு மூன்றரை டிகிரி. இருபத்தைந்தில் உப்பு எடுக்கிற உனக்கு இது வெறும் பச்சைத் தண்ணீர்.

இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கலாம். தொட்டிக்கு மட்டும் ஆகாது, கிருமி கொல்லக் குளோரமின் கலந்து வருகிறது. அதனால் சமையலறையில் ஒரு ஆர்.ஓ. வடிகட்டி, அதற்குப் பின்னால் இன்னொரு குழல். சொட்டுச் சொட்டாக நிரம்பும். முதல் தடவை தொட்டியை நிரப்ப இரண்டு நாள் பிடித்தது. வீட்டில் என்னோடு பேச்சு நின்றதும் அந்த இரண்டு நாள்தான்.

நிரப்பியதும் மீனை விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடைக்காரர் தரமாட்டேன் என்றுவிட்டார். காய்ந்த செயற்கைக் கல்லை அடுக்கி, மணல் போட்டு, சந்தையில் வாங்கிய ஒரு பச்சை இறாலை உள்ளே போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். இறால் அழுகி அமோனியா வரும். அதைத் தின்கிற பாக்டீரியா கல்லில் ஒட்டி வளர்ந்து அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். அடுத்து இன்னொரு கூட்டம் வந்து அதை நைட்ரேட் ஆக்கும். அது கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை. இந்த இரண்டு கூட்டமும் குடியேற எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. ஐந்து வாரமும் தினம் சாயங்காலம் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். "மீன் இல்லாத தொட்டிக்கு லைட் போட்டு உட்கார்ந்து பார்க்கிற ஒரே ஆள் நீங்கதான்" என்றாள் மனைவி. மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் கல்லெல்லாம் பழுப்பாயிற்று. அதன் மேல் பச்சைப் பாசி முடி மாதிரி வளர்ந்தது. நத்தை ஒரு டஜன் வாங்கி விட்டேன். கடலுக்குள் பாறை மேல் மேய்கிற அதே வேலையை இங்கேயும் ராத்திரி முழுக்கச் செய்தன. நுரை பிரிக்கிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. கடற்கரையில் அலை ஒதுக்கிப் போடும் நுரை தெரியுமே, அதே தத்துவம்: குமிழில் அழுக்கு ஒட்டிக்கொண்டு மேலே வரும். அதன் கிண்ணத்தைக் கழுவும்போது மட்டும் எனக்குத் திரேஸ்புரம் ஞாபகம் வரும், கருவாடு காய்கிற பக்கம்.

பெரிய தலைவலி சூடுதான். இந்த வீட்டில் பகலில் 31 டிகிரி சாதாரணம். முருகைக்கல்லின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் சமைத்து அதற்குச் சோறு போடுகிறது. தண்ணீர் சூடு ஏறி அப்படியே நின்றால் கல் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுத்துப் போய்ப் பட்டினியில் நிற்கும். 2016-இல் மன்னார் வளைகுடாவில் நடந்தது அதுதான். அதே வருஷம் இங்கே தெற்குத் தீவுகள் பக்கமும் வெளுத்தது. நான் முதலில் தண்ணீர் மேல் மின்விசிறி வைத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று டிகிரி குறைகிறது, ஆனால் தினம் மூன்று லிட்டர் ஆவியாகிப் போகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் ஈடுகட்ட நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் கொஞ்ச நாளில் என் தொட்டியே உன் அளமாகிவிடும். கடைசியில் குளிர்விக்கும் இயந்திரம் வாங்கினேன். விலை கேட்காதே.

மீன் இரண்டே இரண்டு, கோமாளி மீன், பண்ணையில் பிறந்தவை. மண்டபத்தில் நம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் இதைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். சின்னதில் எல்லாம் ஆண்தானாம், ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும். பெண் செத்தால் ஆண் அந்த இடத்துக்கு ஏறும். எங்கள் வீட்டிலும் பெரியதுதான் சட்டம்.

இனி, உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த விஷயம்.

ஐந்தாம் மாதம் கெட்டியான முருகைக்கல் துண்டுகள் நாலு வாங்கி ஒட்டினேன். விரல் நகம் அளவு. அவை வளர வளரத் தண்ணீரில் கால்சியம் இறங்கிக்கொண்டே போயிற்று. எலும்பு கட்ட இழுத்துக்கொள்கிறது. ஈடுகட்ட என்ன செய்வது என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு வெள்ளைப் பொடி டப்பாவைக் கொடுத்து, ஜெர்மன் மொழியில் ஏதோ பேர் சொன்னார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து கொஞ்சம் தண்ணீரில் போட்டேன். வாசம் வந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது, சேவியர். சுண்ணாம்பு. உங்கள் அப்பா வெற்றிலைக்கு டப்பாவில் வைத்திருப்பாரே, பொங்கலுக்கு முன்னால் நாம் மட்டையால் சுவரில் அடிப்போமே, அதே நீற்றிய சுண்ணாம்பு. கலக்கித் தெளிய வைத்து, மேல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட வேண்டும். ராத்திரியில் விட வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் காரத்தன்மை குறைந்திருக்கும்.

நமக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? வத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து கரையில் குவித்து, காளவாசலில் சுட்டார்கள். சுட்டது இதே கல்லை. நம் தெருவில் பாதி வீட்டுச் சுவர் அந்தக் கல். சங்கு குளிக்கப் போன உங்கள் அப்பா ஒருவர்தான் அந்த வத்தைகளைப் பார்த்து ஏசுவார்: "மீன் வீட்டைப் பிரிச்சு எடுத்துட்டுப் போறானுவ." நாம் அந்தக் குவியல் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தோம். நம் ஊர்க் கடலில் இருந்த விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போனதற்கு அந்த வத்தைகளுக்கும் பங்கு உண்டு என்று பிற்பாடு படித்தேன். அங்கே கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். இங்கே நான் சுண்ணாம்பைக் கரைத்துக் கல்லுக்கு ஊட்டுகிறேன், ராத்திரிக்கு ஒன்றரை லிட்டர் கணக்கில். மாதம் ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் பெரிய விஷயம்.

அதிலும் ஒரு கூத்து நடந்தது. ஒரு நாள் சொட்டுக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். திருகு நெகிழ்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. விடியற்காலை பார்த்தால் தொட்டி முழுக்க மோர் மாதிரி வெள்ளை. மீன் இரண்டும் மேலே வந்து வாய் பிளக்கின்றன. ஜன்னலையெல்லாம் திறந்து, காற்று பம்பைப் போட்டு, கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். மீன் பிழைத்தது. நாலு துண்டில் ஒன்று தோல் உரிந்து வெறும் எலும்பாகிவிட்டது. அதைத் தூக்கிப் போட மனசில்லை, மேசை மேல் இருக்கிறது.

அப்புறம், மொட்டை மாடியில் பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருக்கிற பழைய முருகைக்கல்லை எனக்குப் பார்சலில் அனுப்பவா என்று கேட்டாயே, தயவு செய்து வேண்டாம். 2001-லிருந்து முருகைக்கல் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. செத்த கல்தானே என்று வாதாடவும் முடியாது. அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் செய். பகல் வெளிச்சத்தில் அதைக் கிட்டே வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. குழி குழியாக நட்சத்திரம் மாதிரி இருக்கிறதா, மூளை மாதிரி வளைந்து வளைந்து ஓடுகிறதா என்று தெரிய வேண்டும். முப்பது வருஷம் அதன் மேல் உட்கார்ந்து பேசியிருக்கிறோம், அது என்ன வகை என்று இன்று வரை பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், பத்து நாள். சுண்ணாம்புத் தண்ணீர் விட மகனுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், ராணுவச் சேவையில் விடுப்பு கிடைத்தால் அவன் பார்த்துக்கொள்வான். மக்ரூன் இரண்டு கிலோ சொல்லி வை. போன தடவை நொறுங்கிப் போயிற்று, இந்தத் தடவை தகர டப்பா கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
செல்வம்