எங்கள் தகவல் திருடுபோனது தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? உங்கள் ஹோஸ்டிங் வாடிக்கையாளரின் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஹெல்ப்டெஸ்க் சென்னையில் இருக்கிறது, தமிழிலும் எழுதலாம் என்று நீங்களே விளம்பரம் செய்கிறீர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் அனுப்பியதற்கெல்லாம் ஒரே பதிலை வெட்டி ஒட்டி அனுப்பினீர்கள். தமிழுக்கு அப்படி ஒரு ரெடிமேட் பதில் இன்னும் தயாராகியிருக்காது என்று நம்புகிறேன்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். குத்துவிளக்கு, கற்பூரம், காவடிக்கு வேண்டிய மயிலிறகு, வேல், மஞ்சள் துணி எல்லாம் உண்டு. கடைக்கு நேரில் வருகிறவர்களைவிட டோங்காட், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க், அந்தப் பக்கம் லெனேசியா வரை இணையத்தில் ஆர்டர் போடுகிறவர்கள்தான் இப்போது அதிகம். அந்த இணையதளமும் அதோடு சேர்ந்த மின்னஞ்சலும் உங்கள் சர்வரில் இருக்கின்றன.

புரட்டாசி எங்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்று உங்கள் டர்பன் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதி ஊர் சைவத்துக்கு மாறிவிடும், சனிக்கிழமை பூஜைக்கு ஆர்டர் குவியும், அது முடிந்த கையோடு தீபாவளி வந்து நிற்கும். சரியாக அந்த நேரத்தில் என் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெயில் போயிருக்கிறது: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்று. ஏதோ ஓர் எழுத்து மாறிய போலி முகவரி என்றால்கூட மனம் ஆறும். என் கடையின் சொந்த முகவரியிலிருந்தே போயிருக்கிறது, ஆர்டர் எண்ணோடு, கட்ட வேண்டிய தொகை ஒரு சென்ட் பிசகாமல். யாருக்குச் சந்தேகம் வரும்? இங்கே டர்பன் பீனிக்ஸில் ஒரு ஆன்ட்டி, கோயில் மகளிர் குழுவில் எல்லோரிடமும் வசூலித்த விளக்குப் பணத்தை அந்தக் கணக்குக்கு இஎஃப்டி (இணைய வங்கிப் பரிமாற்றம்) செய்துவிட்டு ரசீதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ரசீதில் இருந்த கணக்கு எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. வங்கிக்கு ஓடினோம். பணம் அதற்குள் வேறெங்கோ போய்விட்டிருந்தது.

உங்களுக்கு உடனே எழுதினேன். உங்கள் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? என் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கலாம், ஆன்டிவைரஸ் போட்டுப் பாருங்கள் என்றார். சரி என்று அதையும் செய்தேன், ஒன்றும் இல்லை. அப்புறம் தீபாவளி எல்லாம் முடிந்த பிறகு, 'பாதுகாப்பு மேம்பாடு' என்ற அழகான தலைப்போடு உங்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. சில வாடிக்கையாளர்களின் சில தகவல்களை அனுமதியில்லாத ஒருவர் பார்த்திருக்க வாய்ப்பு உண்டாம், கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது நல்லதாம், சிரமத்துக்கு வருந்துகிறீர்களாம், ஒரு மாத ஹோஸ்டிங் இலவசமாம். ஊடுருவலை நீங்கள் கண்டுபிடித்த தேதியும் கீழே எங்கேயோ பொடி எழுத்தில் இருந்தது. அது புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய தேதி.

என் கோபம் முழுக்க அந்தத் தேதி மேல்தான். திருட்டு எங்கேயும் நடக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். உலகத்தின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களிலேயே நடந்திருக்கிறது. கோடாடியில் 2021 செப்டம்பரில் நுழைந்தவன் நவம்பரில்தான் பிடிபட்டான், 12 லட்சம் வரை வேர்ட்பிரஸ் வாடிக்கையாளர்களின் விவரம் சிக்கியது. ஆனால் கண்டுபிடித்த சில நாட்களில் அவர்கள் வெளியே சொன்னார்கள். ஹோஸ்டிங்கர் 2019-இல் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேரின் கடவுச்சொல்லைத் தானே ரீசெட் செய்துவிட்டு, உடனே அறிவிக்கவும் செய்தது. இந்த நாட்டிலேயே 2017 நவம்பரில் ஹெட்ஸ்னர் சவுத் ஆப்பிரிக்கா ஹோஸ்டிங் நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனல் (வாடிக்கையாளர் தன் தளத்தை நிர்வகிக்கும் பக்கம்) தரவுத்தளத்துக்குள் ஆள் புகுந்து, எஃப்டிபி (தளத்துக்குக் கோப்பு ஏற்றும் வழி) கடவுச்சொற்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் வெளியானபோது அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். உங்களுக்குத் தெரிந்த அன்றே எனக்கும் தெரிந்திருந்தால் மெயில் கடவுச்சொல்லை மாற்றியிருப்பேன், கணக்கு எண் மாறவில்லை என்று எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருப்பேன். அந்த ஆன்ட்டியின் பணம் போயிருக்காது. இது தொழில்நுட்பக் கோளாறு அல்ல, சொல்ல வேண்டாம் என்று உங்களில் யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு.

இன்னொன்று. உங்கள் கன்ட்ரோல் பேனலில் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்று அழுத்தினால் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ள லிங்க் வராது, என் பழைய கடவுச்சொல்லே அப்படியே மெயிலில் வருகிறது. திருப்பி அனுப்ப முடிகிறது என்றால், திரும்பப் படிக்க முடிகிற விதத்தில்தான் அதை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒழுங்காக ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி வைத்திருந்தால் உங்களாலேயே அதைப் பார்க்க முடியாது. 000வெப்ஹோஸ்ட் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தில் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் கடவுச்சொற்கள் மறைப்பே இல்லாமல் வெளியானது 2015-இல். அதைப் பார்த்த பிறகும் இப்படி வைத்திருப்பதை வீட்டுச் சாவியை மிதியடிக்குக் கீழே வைத்துவிட்டு ஊருக்குப் போவதோடுதான் ஒப்பிட முடியும்.

கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நீங்கள் சொல்வதும் அரைகுறை ஆலோசனை. உள்ளே வந்தவன் எஃப்டிபி வழியாக ஒரு கோப்பைப் போட்டுவிட்டுப் போயிருந்தால், புதிதாக ஒரு அட்மின் கணக்கையோ மெயில் ஃபார்வேர்டையோ வைத்துவிட்டுப் போயிருந்தால், பேனல் கடவுச்சொல்லை நான் எத்தனை முறை மாற்றியும் பயனில்லை. தரவுத்தளக் கடவுச்சொல், தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் தனிச் சாவி, பேக்கப் பிரதிகள் இவற்றைப் பற்றி உங்கள் மெயிலில் ஒரு வார்த்தை இல்லை. மாதக் கட்டணத்தை வங்கியிலிருந்து நேரடியாக எடுக்கும் டெபிட் ஆர்டருக்காக என் வங்கிக் கணக்கு எண்ணையும், பதிவு செய்யும்போது அடையாள அட்டை நகலையும் வாங்கினீர்களே, அவை போனதா இல்லையா? கடவுச்சொல்லை மாற்றலாம். பிறந்த தேதியில் தொடங்கும் 13 இலக்க ஐடி எண்ணை யார் மாற்றித் தருவார்கள்? முன்னெச்சரிக்கையாக நானே எஸ்ஏஎஃப்பிஎஸ் என்ற தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்பு அமைப்பில் பாதுகாப்புப் பதிவு செய்துகொண்டேன். அது இலவசம்தான். அப்படி ஒன்று இருப்பதை உங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை.

சட்டத்துக்கு வருவோம். தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் இந்த நாட்டின் போபியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கட்டாயம். என் வாடிக்கையாளர்களின் தகவலுக்குப் பொறுப்பாளி நான், அதை எனக்காக வைத்திருக்கும் நீங்கள் ஆபரேட்டர். தகவல் வேறு கைக்குப் போனது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே ஆபரேட்டர் பொறுப்பாளிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. என் சொந்தத் தகவலுக்கோ நீங்களே பொறுப்பாளி, அதற்கு 22-ஆம் பிரிவு: இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் எனக்கும் கூடிய விரைவில் சொல்ல வேண்டும், என்ன விளைவு வரலாம், நீங்கள் என்ன செய்கிறீர்கள், நான் என்ன செய்ய வேண்டும் என்று புரியும்படி சொல்ல வேண்டும். குற்ற விசாரணை கெடும் என்று காவல்துறை போன்ற அரசு அமைப்போ ஆணையமோ கருதினால் மட்டுமே தள்ளிப்போடலாம். அப்படி யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் கடிதத்தைக் காட்டுங்கள். இது ஏட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். ஆணையத்தின் உத்தரவுக்குப் பணியாததற்காக 2023 ஜூலையில் நீதித்துறை அமைச்சகத்துக்கே 50 லட்சம் ரேண்ட் அபராதம் போட்டவர்கள் அவர்கள். உச்சவரம்பு 1 கோடி ரேண்ட்.

இலவச மாதம் எனக்கு வேண்டாம். என் கணக்கில் எந்தெந்தக் கோப்புகள், எந்தெந்தத் தகவல்கள் பார்க்கப்பட்டன அல்லது எடுக்கப்பட்டன என்று எழுத்தில் தாருங்கள், 'சில', 'வாய்ப்பு உண்டு' என்ற சொற்கள் இல்லாமல். என் மெயிலுக்கும் எஃப்டிபிக்கும் அந்தக் காலத்தில் யார் எந்த ஐபியிலிருந்து நுழைந்தார்கள் என்ற லாக் பதிவுகள் வேண்டும். வங்கியும் போலீஸும் அதைத்தான் கேட்கிறார்கள், அழிந்துவிட்டது என்று பிறகு சொல்லாதீர்கள். வாடிக்கையாளர்கள் இழந்த பணத்தின் விவரத்தை ரசீதுகளோடு இணைத்திருக்கிறேன், அதை நீங்கள் ஈடுகட்ட வேண்டும். அதோடு, ஒப்பந்தக் காலம் பாக்கி இருக்கிறது என்று பிடித்து வைக்காமல் என் டொமைனை வேறு இடத்துக்கு மாற்ற விடுங்கள். தைப்பூசக் காவடி ஆர்டர் தொடங்குவதற்குள் நான் வெளியேறியாக வேண்டும்.

ஆணையத்துக்கான புகார்ப் படிவம் 5-ஐ நிரப்பி வைத்துவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் தகவல் அதிகாரி தன் பெயரைப் போட்டுப் பதில் அனுப்பாவிட்டால் திங்கட்கிழமை காலை அது போய்விடும். டிக்கெட்டை 'தீர்க்கப்பட்டது' என்று மட்டும் மூடாதீர்கள், போன முறை அப்படித்தான் செய்தீர்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் பூஜைச் சாமான் கடைக்காரர்