ஊர் ஊராகப் போகும் வேலையில் இருக்கும் மகளுக்கு

காட்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். ராய்ப்பூர் லாட்ஜ்காரர் உன்னிடம் எரிந்து விழுந்ததையும், நாக்பூர் ரயிலில் உன் கீழ் பெர்த்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த குடும்பத்தைப் பற்றியும் நீ சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டேன். முடிவில், "மனுஷங்களே இப்படித்தான்பா" என்றாய். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனில் சொன்னால் உபதேசம் என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

ஆம்பூர்க் கம்பெனிக்காகத் தோல் பார்த்து வாங்குவதற்கென்று கான்பூரின் தோல் பதனிடும் பகுதியான ஜாஜ்மாவுக்கும், கொல்கத்தாவுக்கும், ஈரோட்டுக்கும், திண்டுக்கல்லுக்கும் நான் எத்தனை வருடங்களாகப் போய்வருகிறேன் என்பது உனக்குத் தெரியும். ரயிலிலும் லாட்ஜிலும் டீக்கடையிலும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த பொழுதுபோக்கு. அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டது இதுதான்: பயணத்தில் நம் கண்ணில் படும் நடத்தையில் முக்கால்வாசி அந்த நேரத்துக்கும் அந்த இடத்துக்கும் உரியது, அந்த ஆளுக்கு உரியது எது என்று தெரிய வேண்டுமானால் அவரை மறுபடியும், வேறொரு வேளையில் பார்க்க வேண்டும்.

கான்பூரிலிருந்து ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் திரும்பிய ஒரு பயணத்தைச் சொல்கிறேன். எனக்கு எதிரே சைடு லோயரில் இரண்டு ஆர்.ஏ.சி. பயணிகள். ஒருவர் அறுபது தாண்டியவர், மற்றவன் கல்லூரிப் பையன். ஒரே பெர்த்தை இருவர் பங்கிட்டு உட்கார வேண்டும் என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரியவர் ஏறியதும் தன் பாதியில் துண்டை விரித்தார். நடுவில் ஒரு ரெக்ஸின் பையைச் சுவர்போல நிறுத்தினார். பையனின் முழங்கை அந்தப் பையில் பட்டபோதெல்லாம் அதை ஒரு விரற்கடை அந்தப் பக்கம் தள்ளினார். பையனும் லேசுப்பட்டவன் அல்ல, அவர் ஜன்னலை மூடினால் இவன் திறந்தான். ஜான்சி தாண்டி டிக்கெட் பரிசோதகர் டி.டி.இ. வந்தார். இருவரும் எழுந்து நின்று, ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டியபடி, காலி பெர்த் கேட்டார்கள். அவர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, இந்த வண்டியில் கடைசி வரைக்கும் எதுவும் காலியாகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பெரியவர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பையை எடுத்துச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். போபால் வருவதற்குள் பூரிப் பொட்டலம் பிரிந்திருந்தது. இரவு, ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால் இருக்கும்படி, எந்தப் பக்கம் யார் ஒருக்களிப்பது என்று பேசி முடிவு செய்துகொண்டு தூங்கினார்கள். தனக்கென்று முழு பெர்த் கிடைத்துவிடும் என்ற ஆசை இருந்த வரைக்கும் அவர்கள் போட்டிக்காரர்கள். அது இல்லை என்றானதும் கூட்டாளிகள். உன் கீழ் பெர்த்தில் உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கும் டி.டி.இ. இன்னும் வரவில்லை என்பதை யோசித்துப் பார். அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. உன் டிக்கெட், உன் இடம். அதைக் கேட்டு வாங்கியதில் தவறே இல்லை.

நம் ஊருக்கு வரும் வண்டிகளில் இன்னொன்றைப் பார்க்கலாம். ஹவுராவிலிருந்தும் குவாஹாத்தியிலிருந்தும் காட்பாடிக்கு வரும் வண்டிகளில் பாதிப் பெட்டி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளும் அவர்கள் வீட்டாருமாகத்தான் இருக்கும். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு இன்று 1,700 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து வருகிறார்கள். பெட்டி, கூடை எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் தள்ளுகிறவர்கள், ஸ்கேன் கவரை மட்டும் மடியைவிட்டு இறக்க மாட்டார்கள். தூங்கும்போது அது தலையணைக்கு அடியில் இருக்கும். எந்த லாட்ஜில் தங்கலாம், ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற ஒரே கேள்வியை என்னிடம் கேட்பார்கள், நான் சொன்ன பிறகு என் எதிரிலேயே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள், அதன் பிறகு பேன்ட்ரிப் பையனிடமும் கேட்பார்கள். நம் ஆட்களில் சிலருக்கு இதில் கோபம் வரும்: "நான் பொய்யா சொல்றேன்?" பாஷை தெரியாத ஊரில் ஒரு பதிலை மூன்று பேரிடம் உரசிப் பார்ப்பதைத் தவிர அவர்கள் வேறென்ன செய்ய முடியும்? கான்பூர் ஸ்டேஷன் வாசலில் நானும் அதைத்தானே செய்கிறேன். அப்படிக் கோபப்பட்ட ஒருவரை மறுநாள் வேலூர் தோட்டப்பாளையம் பக்கம் பார்த்தேன். வங்காளி போர்டு தொங்கும் கடை வாசலில், வழி தெரியாமல் நின்ற ஒரு பாட்டியை ரோட்டைக் கடக்கவைத்துக்கொண்டிருந்தார்.

வடக்கே யாராவது ஊர் கேட்டால் வேலூர் என்றுதான் சொல்வேன். 1989இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள், 2019இல் வேலூர் மாவட்டத்தையும் மூன்றாக்கினார்கள். அந்தக் கணக்கெல்லாம் கங்கைக் கரையில் யாருக்கு வேண்டும்? வேலூர் என்ற பெயரைக் கேட்டதும் அதுவரை முகம் கொடுக்காமல் இருந்தவர்கூட என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தன் அண்ணிக்கோ மச்சானுக்கோ என்ன வியாதி என்று தொடங்கிவிடுவார். போனில் ரிப்போர்ட்டைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டவர்களும் உண்டு. தோல் பார்க்க வந்தவன் என்று சொன்னாலும் விட மாட்டார்கள்.

ரயிலில் போனில் சொல்லும் பொய்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வாணியம்பாடியில் இருந்துகொண்டு வீட்டுக்கு, "ஆம்பூர் தாண்டிட்டேன், சாதம் வச்சிடு" என்பார்கள். அதே ஆள், கடன் கொடுத்தவர் கூப்பிட்டால் இன்னும் சேலத்திலேயே இருப்பார்.

ஆளை எடைபோடுவதற்குக் குறுக்குவழி உண்டா என்று கேட்பாய். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னைப் பெரியமேட்டுத் தோல் வியாபாரி ஒருவர் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார்: விலை பேசுவதற்கு முன்னால் டீ வாங்கிக் கொடு, டீ கொண்டுவரும் பையனிடம் அந்த ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பையனை வாய்க்கு வந்தபடி திட்டுகிற ஜாஜ்மாவு வியாபாரி ஒருவர், தோல் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே, "மேலே நாலு நல்லது, உள்ளே உண்ணி கடித்தது இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்" என்று தானே சொல்லிவிடுவார். பையனைத் 'தம்பி தம்பி' என்று கொஞ்சியவர் அனுப்பிய சரக்கை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால், மேல் தோலைத் தவிர மற்றதெல்லாம் மூன்றாம் தரம். முன்னவர் திட்டுவது எனக்கு இன்றும் பிடிக்காது, அவரிடமே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் தோல் அவரிடம்தான் வாங்குகிறேன்.

கான்பூரில் நான் வழக்கமாகத் தங்கும் லாட்ஜின் கவுண்டர்க்காரர் கதை உன் ராய்ப்பூர்க்காரருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். முதலில் போனபோது ரெஜிஸ்டரை மேஜையில் வீசினார். கொடுத்த ஆதார் நகலையே மறுபடி கேட்டார். வெந்நீர் உண்டா என்றதற்குப் பதிலே இல்லை. அடுத்த தடவையும் அப்படியே. பிறகொரு முறை வண்டி தாமதமாகி விடியற்காலையில் போய் இறங்கினேன். அதே மனிதர் எனக்கு முன்னால் எழுந்து நின்று, பையை வாங்கி வைத்து, டீ சொல்லி அனுப்பினார். பேச்சுக் கொடுத்தபோதுதான் விவரம் தெரிந்தது. மாலையில் அடுத்தடுத்து வரும் வண்டிகளின் கூட்டம் மொத்தமும் அவர் ஒருவர் தலையில்தான் விழுகிறது. அந்த நேரத்தில்தான் போலீஸும் ரெஜிஸ்டர் பார்க்க வரும். மாற்று ஆள் கிடையாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய ஏழு மணி முகத்தை. இப்போதும் மாலையில் போனால் ரெஜிஸ்டரை வீசத்தான் செய்கிறார், ஆனால் எனக்கு அது உறைப்பதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லோரிடமும் பொறுமை காட்டக் கிளம்பிவிடாதே. நீ தனியாகப் போகிற பெண். ஒருவன் பார்வையோ பேச்சோ உறுத்தினால், அவனுக்குப் பசியா, தூக்கமில்லையா என்று ஆராய்வது உன் வேலை அல்ல. அங்கே முதல் பார்வையே போதும். இடத்தை மாற்று, பக்கத்துக் குடும்பத்தோடு போய் உட்கார், ரயில்வே உதவி எண் 139க்குப் போன் செய். அவனுடைய இரண்டாவது முகம் நமக்குத் தேவையில்லை. லாட்ஜிலும் அப்படித்தான், கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்றால் அறையை மாற்றித் தரச் சொல், மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடு.

அந்த ஸ்கேன் மெஷினைச் சரிபார்க்க அடுத்த மாதம் திரும்பவும் ராய்ப்பூர் போக வேண்டியிருக்கும் என்றாயே. லாட்ஜ் பாதுகாப்பாக இருந்தது, ஆள்தான் சிடுசிடுப்பு என்றால், அதே லாட்ஜுக்குப் போ. முடிந்தால் இரவு வண்டியைப் பிடித்துக் காலையில் போய் இறங்கு. அவர் அப்போதும் எரிந்து விழுந்தால் நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். எப்படி இருந்தார் என்பதை விவரமாக எழுது, போனில் வேண்டாம்.

அம்மா இடித்த கறிவேப்பிலைப் பொடியைக் கூரியரில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா